மாடு சரியில்லைன்னு மனசுக்குப் படுதே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

#1 கட்டுத்தறி

தொழுவத்துக்குள்ள கால் வைக்கிறப்பவே 'இன்னைக்கு இது சரியில்லை'ன்னு சில மாட்டைப் பாத்தாத் தோணும்ங்க. தீவனம் எடுத்திருக்கும், பால் குறைஞ்சிருக்காது, காய்ச்சலும் இருக்காது. மறுநாள் பாத்தா மடி வீங்கிக் கிடக்கும். மாடு வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம் இது.

ஆனா அதே மனசு தப்பாவும் சொல்லுது. ஒண்ணும் இல்லாத மாட்டுக்கு ஊசி போட்டுச் செலவு பண்ணவங்களும் இருக்காங்க. இதுல இன்னொரு கூட்டம், போட்டோவைப் பாத்தே 'உங்க நாய் இப்படி நினைக்குது'ன்னு சொல்லிக் காசு வாங்குது. இதெல்லாம் ஒரே விஷயமா, வேற வேறயா? பொத்தாம்பொதுவா வேண்டாம். எதைப் பாக்கணும், எங்க ஏமாறுவோம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கால்நடை மருத்துவர்

தோன்றுவதை ஒதுக்காதீர்கள். ஆனால் கண் எதைப் பார்த்ததால் அப்படித் தோன்றியது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

மாடு வேட்டையாடப்படும் இனத்தில் வந்தது. நலிவை வெளியே காட்டும் மாடுதான் புலிக்கு முதலில் கண்ணில் படும். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. ஆள் கிட்டே வந்தால் தலையைத் தூக்கி, காதை விறைத்து, நன்றாக இருப்பதுபோல நின்றுவிடும். பக்கத்தில் போய்த் தட்டிக்கொடுத்துப் பார்ப்பவருக்கு அந்த வேஷம்தான் தெரியும். அதனால் முதல் ஐந்து நிமிடம் பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். கையில் தீவன வாளி இருக்கக் கூடாது. வாளியைக் கண்டால் நோய் மாடும் எழுந்துவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை: இரண்டு காதும் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றனவா, தொங்கிப் பின்னால் போயிருக்கின்றனவா. கண்ணுக்கு மேல் தசை இறுகி மடிப்பு விழுந்திருக்கிறதா. முதுகு வில் போல் வளைந்திருக்கிறதா. ஒரு பின்காலை மட்டும் தளர்த்தி வைத்து அடிக்கடி மாற்றுகிறதா. மற்ற மாடுகள் படுத்திருக்க இது மட்டும் சுவரைப் பார்த்து நிற்கிறதா. மூக்கு நுனி காய்ந்திருக்கிறதா. வலியுள்ள மாட்டின் முகத்தை மதிப்பெண் போட்டுப் பார்க்கும் அட்டவணையே இருக்கிறது, டென்மார்க்கில் 2015-இல் வெளியானது. அதில் காது, முகத்தசை, தலை நிலை, முதுகு, ஆளைக் கண்டதும் வரும் அசைவு இவைதான் முக்கியம். உங்கள் மனசு 'சரியில்லை' என்று சொல்லும்போது கண் பெரும்பாலும் இந்தப் பட்டியலைத்தான் மேய்ந்திருக்கும்.

அடுத்து அசை. ஒரு கவளத்துக்கு ஐம்பது அறுபது மெல்லல் சாதாரணம். நாற்பதுக்கும் கீழே இறங்கி, இடையிடையே நின்று நின்று மென்றால் விசாரிக்க வேண்டும். ஒரு மாட்டின் வழக்கமான கணக்கை நல்ல நாளிலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு மாடு மாறும்.

பிறகுதான் கை. இடப்பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். வயிறு அலைபோல் எழுந்து கையைத் தள்ளும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை தள்ள வேண்டும். ஒன்றுகூட இல்லை என்றால் தீவனம் எடுத்திருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கடைசியாகத்தான் தெர்மாமீட்டர். சாணிக்குள் குத்தி வைத்தால் அளவு குறைவாகக் காட்டும். ஆசனவாயின் பக்கச் சுவரில் நுனி படும்படி சாய்த்து இரண்டு நிமிடம். பசுவுக்கு 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை சரி. நிழல் இல்லாத வெயில் மத்தியானத்தில் கொஞ்சம் ஏறும், அதனால் காலையில் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தெர்மாமீட்டர் 'காய்ச்சல் இல்லை' என்று சொன்னதும் நிம்மதியாகிவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. கன்று ஈன்ற முதல் மூன்று நாள். கால்சியம் இறங்கிப்போன மாட்டுக்குச் சூடு ஏறாது, குறையும். காது நுனி சில்லிட்டிருக்கும், நடை தள்ளாடும், பிறகு படுத்துக் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிவிடும். காதைத் தொட்டதும் குளிர்ந்து, மனசும் உறுத்தினால் அன்றிரவே கூப்பிடுங்கள். கால்சியத்தை நரம்பில் மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். தெரிந்தவரை வைத்து நீங்களே ஏற்ற முயல வேண்டாம்.

#3 செவலை

டாக்டர் சொன்னது நோய்க்குச் சரி. பருவத்துக்கு வர்ற விஷயத்துல, அதுவும் எருமையில, மனசை மட்டும் நம்பினா மாசம் மாசம் தப்பும்.

பசு கத்தும், மத்த மாட்டு மேல ஏறும், தன்மேல ஏற விட்டு அசையாம நிக்கும். எருமை பெரும்பாலும் இதெதையும் செய்யாது, ஊமைப் பருவம்தான். தெரியிற அடையாளம் சின்னச் சின்னது: கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி மூத்திரம், வால் லேசாத் தூக்கி நிக்கிறது, அறை (பிறப்புறுப்பு) தடிச்சு உள்பக்கம் சிவந்திருக்கிறது, கறக்கும்போது பால் விடத் தாமதம். கண்ணாடி மாதிரி ஒழுக்கு நின்னுக்கிட்டு இருக்கிறப்போ தெரியாது, படுத்திருக்கிறப்போதான் வடியும். அதனால அது எழுந்ததும் படுத்திருந்த இடத்தையும் வால் அடிப்பக்கத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. காஞ்சு போனா முடியில மினுமினுன்னு ஒட்டியிருக்கும். பாக்க வேண்டிய நேரம் ராத்திரி பத்து மணியும் விடியக்காலை நாலு அஞ்சும். பகல் பன்னிரண்டு மணிக்குப் பாத்துட்டு 'ஒண்ணும் இல்லை'ங்கிறது கணக்கே இல்லை.

காலையில பிடிச்சா சாயந்திரம் சினை ஊசி, சாயந்திரம் பிடிச்சா மறுநாள் காலையில.

மனசு ஏமாத்துற இடம் காலண்டர். 21-ஆம் நாள்னு வட்டம் போட்டு வச்சிட்டா அன்னிக்கு மாடு தும்மினாக்கூடப் பருவம் மாதிரி தெரியும். சுழற்சி 18 முதல் 24 வரைக்கும் எங்க வேணா விழலாம். சினை மாட்டுலயும் சிலது பருவம் காட்டும், அதுக்கு ஊசி போட்டுக் குழல் கருப்பை வாய் தாண்டிப் போனா கரு கலையலாம். சந்தேகம்னா முதல்ல கை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்க.

தவற விட்டவங்களுக்கு ஒரு வழி. பசுவுல, முக்கியமாக் கிடாரியில, பருவம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வால்ல லேசா ரத்தம் தெரியும். சினை நின்னுதா இல்லையாங்கிறதுக்கு அது அடையாளமே இல்ல, பருவம் வந்து போயிடுச்சுங்கிறதுக்கு மட்டும்தான். அந்தத் தேதியில இருந்து 16-ஆம் நாள் தொடங்கி ராத்திரிக் காவல் வச்சா அடுத்ததைப் பிடிச்சிடலாம்.

#4 சந்தேகப்பிராணி

செவலை சொன்ன காலண்டர் விஷயம்தான் இந்த விவாதத்தின் உயிர்நாடி. விலங்கு நமக்குச் சொல்வதைவிட, நாம் அறியாமல் விலங்குக்குச் சொல்வது அதிகம்.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வளர்த்தது. கூட்டல், பெருக்கல், பின்னம், தேதி எது கேட்டாலும் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904-இல் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு பார்த்துவிட்டு, ஏமாற்று ஏதும் இல்லை என்றது. உண்மையிலேயே ஏமாற்று இல்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் இரண்டே மாற்றங்கள் செய்தார். விடை தெரியாத ஆளைக் கேள்வி கேட்கச் சொன்னார், குதிரைக்குக் கேட்பவர் தெரியாதபடி கண்ணுக்குப் பக்கத்தில் மறைப்புப் போட்டார். இரண்டிலும் குதிரை தோற்றது. கேட்பவர் குளம்பைப் பார்க்கத் தலையை மிக லேசாகக் குனிகிறார், சரியான எண் வந்ததும் தலை மயிரிழை நிமிர்கிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. 1907-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். குட்டு தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலை அசைவை அடக்க முடியவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆக, குதிரைக்கு மனிதனைப் படிக்கத் தெரிந்திருந்தது. தான் என்ன காட்டுகிறோம் என்று மனிதனுக்குத்தான் தெரியவில்லை.

மோப்ப நாயிலும் இதே கதை. கலிபோர்னியாவில் 18 நாய், கையாள்பவர் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வந்தது. கட்டடத்தில் எங்கும் எந்தப் பொருளும் ஒளித்து வைக்கவில்லை. சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில் இருக்கிறது என்று கையாள்பவரிடம் மட்டும் சொல்லிவைத்தார்கள். 'நாய் காட்டிவிட்டது' என்ற அறிவிப்புகள் அந்தக் காகிதப் பக்கமே அதிகம் குவிந்தன.

#5 கட்டுத்தறி

அப்போ மனசுக்குப் படறதெல்லாம் நம்ம கற்பனைன்னு சொல்றீங்களா? முப்பது வருஷம் மாடு மேய்ச்ச கிழவி தூரத்துல இருந்தே சொல்றது தப்பாப் போறதில்லையேங்க.

#6 சந்தேகப்பிராணி

அந்தக் கிழவி சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நான் மறுக்கவில்லை.

டேனியல் கானெமன், கேரி க்ளைன் என்ற உளவியலாளர்கள் இருவரும் எதிரெதிர் முகாம். உள்ளுணர்வு வழுக்கும் என்பவர் ஒருவர், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை வியந்து ஆராய்ந்தவர் மற்றவர். 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அனுபவசாலியின் உள்ளுணர்வு நம்பத்தக்கதாக வளர இரண்டு நிபந்தனை என்றார்கள். பார்க்கும் விஷயத்தில் ஒழுங்கு இருக்க வேண்டும், அதாவது அந்த அடையாளம் வந்தால் பெரும்பாலும் அந்த விளைவு வர வேண்டும். நாம் கணித்தது சரியா தவறா என்று சீக்கிரமே திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும்.

மாட்டு நோயில் இரண்டும் உண்டு, மறுநாளே மடி சொல்லிவிடும். கிழவிக்குப் பாடம் தினமும் நடந்தது. போட்டோவைப் பார்த்து நாயின் மனசைச் சொல்பவருக்கு அது நடக்கவே நடக்காது. சொன்னது தவறு என்று நாய் வந்து சொல்லப் போவதில்லை, கேட்பவர் எப்படியும் பொருத்திக்கொள்வார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அங்கே திறமை வளர வழியில்லை, தன்னம்பிக்கை மட்டும் வளரும்.

'முகத்தைப் பார்த்தே பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிப்பேன்' என்பவர்களும் இந்த இரண்டாவது வகை. ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வந்த கணக்குப்படி சராசரி மனிதனின் வெற்றி 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டினால் 50.

#7 நாலுகால்

நாய் பக்கம் நான் சொல்றேன். தெருநாய் கிட்ட மனசு சொல்றதை ஒரு பக்கம் மட்டும் நம்புங்க. 'வேண்டாம்'னு சொன்னா உடனே கேளுங்க. 'பாவம், ஒண்ணும் செய்யாது'ன்னு சொன்னா நம்பாதீங்க. முதல் தப்புக்கு விலை ஒரு நாயைத் தடவாம விட்டது. ரெண்டாவது தப்புக்கு விலை ரேபிஸ்.

வால் ஆடினா நட்புன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. வால் ஆடுறது உடம்பு கிளர்ந்திருக்குங்கிறதை மட்டும்தான் காட்டும். இடுப்போட சேர்ந்து தளர்வா ஆடுதா, விறைச்சு உயரத்துல நடுங்குற மாதிரி ஆடுதான்னு பாக்கணும். கடிக்கு முன்னாடி வரிசை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: முகத்தைத் திருப்பிக்கும், பசியில்லாம உதட்டை நக்கும், தூக்கம் இல்லாம கொட்டாவி விடும், தலை ஒரு பக்கம் இருக்க கண் மட்டும் உங்க மேல இருக்கும், வெள்ளை முழி பிறையாத் தெரியும். அப்புறம் வாய் மூடி உடம்பு மொத்தமும் ஒரு விநாடி உறைஞ்சு நிக்கும். அந்த உறைச்சல்தான் கடைசி எச்சரிக்கை. சத்தமே வராததால குழந்தைங்க கவனிக்காது. அப்போ ஓடாதீங்க, கண்ணுக்குக் கண் பாக்காதீங்க, உடம்பைப் பக்கவாட்டுல திருப்பி மெதுவாப் பின்னால போங்க.

உறுமினா அடிக்கிற பழக்கத்தை விடுங்க. உறுமல் அடங்கும், கோபம் அடங்காது. எச்சரிக்கை இல்லாமக் கடிக்கிற நாயை நாமே தயார் பண்றோம்.

வளர்ப்பு நாய்க்கு மூணு விநாடிக் கணக்கு. தலைக்கு மேல கை கொண்டு போகாம, மார்புப் பக்கம் மூணு விநாடி தடவிட்டுக் கையை எடுங்க. அதுவா வந்து ஒட்டினா இன்னும் மூணு விநாடி. நகர்ந்தாலோ உடம்பை உதறினாலோ 'போதும்'னு அர்த்தம்.

செருப்பைக் கடிச்சுப் போட்டுட்டுக் குத்த உணர்ச்சியோட முழிக்குதுன்னு சொல்வாங்க. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வச்சுப் பாத்தாங்க. அந்த முழி தப்பு செஞ்சதுக்கு வரலை, எஜமான் திட்டினதுக்குத்தான் வந்துச்சு. தப்பே செய்யாம திட்டு வாங்கின நாயும் அதே முழிதான் முழிச்சது.

கடிபட்டாலோ நகம் கீறினாலோ சோப்பும் ஓடுற தண்ணியுமா முழுசா 15 நிமிஷம் கழுவுங்க, அன்னிக்கே ஊசிக்குப் போங்க. பத்து நாள் நாயைக் கவனிக்கிறது நல்லதுதான், ஆனா அது முடியட்டும்னு ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

#8 மொட்டைமாடி

நான் வண்டியைத் தெருமுனையில் திருப்புவதற்கு முன்பே நாய் வாசலுக்கு வந்துவிடுவதாக வீட்டில் சொல்கிறார்கள். இதுவும் நான் அறியாமல் காட்டும் சைகையா? நான்தான் அங்கே இல்லையே!

#9 சந்தேகப்பிராணி

சோதிக்க எளிது. வாசலை நோக்கி கேமராவோ பழைய போனோ வைத்து முழு மாலையும் பதிவு செய்யுங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்பிய பிறகு தாயம் உருட்டி முடிவு செய்யுங்கள். ஒன்று விழுந்தால் ஒரு மணி நேரம், இரண்டு விழுந்தால் ஒன்றரை, இப்படி. வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை நாய் பார்க்கும். வழக்கமான வண்டியில் வராதீர்கள், அந்த எஞ்சின் சத்தம் உங்களுக்குக் கேட்காத தூரத்தில் அதற்குக் கேட்கும். நீங்கள் வந்த நேரம் தெரியாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, நாய் வாசலுக்குப் போன ஒவ்வொரு தடவையையும் குறிக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் என்ன தெரியும் என்றால், பூனை, பால்காரர், குக்கர் விசில் எல்லாவற்றுக்கும் அது வாசலுக்குப் போகிறது, நேரம் ஆக ஆக இன்னும் அடிக்கடி போகிறது. நீங்கள் வந்த தடவை மட்டும் வீட்டில் நினைவில் நிற்கிறது. இங்கிலாந்தில் இதேபோல் புகழ்பெற்ற ஜெய்ட்டீ என்ற நாயை ரிச்சர்ட் வைஸ்மன் குழு சோதித்து 1998-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்.

#10 பனங்காய் (யாழ்ப்பாணம், தாதி)

மனுசரில கதைக்க ஏலாத ஆக்களைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. மறதி நோய் முற்றினவை, பக்கவாதத்தில பேச்சுப் போனவை. 'நோகுதா' எண்டு கேட்டா தலையாட்டினா, அது விடை எண்டு எடுக்கேலாது. எல்லாத்துக்கும் தலையாட்டுவினம்.

இப்பிடியான ஆக்களின்ரை நோவை அளக்க 2003-இல வந்த அளவுகோல் ஒண்டு இருக்கு. அஞ்சு விசயம்: மூச்சு, முனகல், முகம், உடம்பின்ரை நிலை, ஆறுதல் சொன்னா அமருறாவா இல்லையா. ஒவ்வொண்டுக்கும் 0, 1, 2. மொத்தம் பத்து. அஞ்சு நிமிசம் பாத்துப் போடவேணும். கனபேர் விடுற பிழை, ஆள் அசையாமல் படுத்திருக்கேக்க பாத்திட்டு சுழியம் போடுறது. இடுப்பெலும்பு முறிஞ்ச ஆளும் அசையாட்டில் அமைதியாத்தான் கிடப்பார். புரட்டிப் படுக்க வைக்கேக்க, உடுப்பு மாத்தேக்க பாருங்கோ. மருந்து குடுத்து அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்தால அதே அசைவில திரும்பப் போடுங்கோ. இறங்கினா நோவுதான். இறங்காட்டில் வேறை காரணம் தேடுங்கோ: மூத்திரம் அடைச்சிருக்கோ, மலச்சிக்கலோ, பயமோ.

சத்தம் போடுற ஆளை எல்லாரும் கவனிப்பினம். திடீரெண்டு 'நல்ல பிள்ளை'யா அமைதியான ஆள்தான் ஆபத்து. நேற்று வரைக்கும் புறுபுறுத்த அம்மம்மா இண்டைக்குச் சாப்பாட்டையும் பாக்காமல் நித்திரை எண்டா, கிருமித் தொற்றோ மருந்து கூடினதோ இருக்கலாம். காய்ச்சல் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், வயது போன ஆக்களுக்கு வராமலும் போகும். வீட்டாக்கள் 'அம்மா வழமையா இப்பிடி இல்லை' எண்டு சொன்னா அதை ஒரு அறிகுறியாவே எழுதி வையுங்கோ. வழமை என்னெண்டு எங்களுக்குத் தெரியாது, அவைக்குத்தான் தெரியும்.

#11 மழைத்துளி

பேச்சு வராத பிள்ளையின் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் தட்ட வைக்கிறார்கள். பக்கம் பக்கமாக வாக்கியம் வருகிறது. அது பிள்ளை சொல்வதுதானா?

#12 பேச்சுப்பயிற்சி

சந்தேகப்பிராணி சொன்ன குதிரை இங்கேயும் நிற்கிறது, இந்தத் தடவை மனித உருவில். கை பிடித்துத் தட்ட வைக்கும் இந்த வழிமுறை ஆஸ்திரேலியாவில் தொடங்கி 1990-களில் அமெரிக்காவில் பரவியது. 1993-இல் வந்த ஒரு சோதனையில் பிள்ளைக்கு ஒரு படமும் கை பிடிப்பவருக்கு வேறு படமும் காட்டினார்கள். பலகையில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்கள் கைதான் எழுதுகிறது என்று அவர்களுக்கே தெரியாது. அமெரிக்க உளவியல் சங்கம் 1994-இலேயே இதை ஏற்காமல் தீர்மானம் போட்டது.

நீங்களே பார்க்கலாம். கை பிடிப்பவரை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு ஒரு பொருளைக் காட்டுங்கள்: சீப்பு, வாழைப்பழம், பந்து. மறைத்துவிட்டு அவரை உள்ளே அழைத்து, என்ன பார்த்தாய் என்று பலகையில் கேளுங்கள். ஐந்தாறு பொருள் போதும். எழுத்தைத் தட்டும்போது பிள்ளை பலகையைப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். கூரையைப் பார்த்துக்கொண்டே யாராலும் ஒற்றை விரலில் எழுத்துக் கூட்ட முடியாது.

யாரும் தொடாமல் பிள்ளையே எடுக்கிற வழிக்குப் போங்கள். பட அட்டையைப் பிள்ளை கையில் எடுத்து நம்மிடம் கொடுக்கும் முறை, அல்லது சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற படச் செயலி. ஒரே நாளில் கவிதை வராது. 'தண்ணி', 'வேண்டாம்', 'போதும்' வரும், அது பிள்ளையின் சொல்லாக இருக்கும்.

#13 கால்நடை மருத்துவர்

#1-இல் கேட்ட போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். பாதிப்பு இல்லாத விளையாட்டு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆண் பூனை மணல் தட்டில் அடிக்கடி போய் முக்கி உட்கார்ந்து, சொட்டு மூத்திரம்கூட வராமல் எழுந்தால், 'புது ஆள் வந்த வருத்தம்' என்று யாராவது போட்டோ பார்த்துச் சொல்லிவிட்டால் பூனை செத்துவிடும். மூத்திரக்குழாய் அடைப்பு அது. முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். அன்றே மருத்துவமனை.

பூனையின் வலிக்கு மாண்ட்ரியலில் 2019-இல் உருவான முக அளவுகோல் உண்டு. காது நிலை, கண் சுருக்கம், மூக்கு வாய்ப்பகுதி இறுக்கம், மீசை, தலை நிலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் பத்து. நாலும் அதற்கு மேலும் வந்தால் வலி மருந்து யோசிக்க வேண்டும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் நக்கிக்கொள்ளும்போதும் போடக் கூடாது. மனிதருக்கான பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அரை மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

#14 கட்டுத்தறி

தெளிவாச்சுங்க. அந்தக் கிழவி மாதிரி கண்ணைப் பழக்க என்ன பண்றது? அப்புறம், கன்னு போடற ராத்திரியை முன்கூட்டியே பிடிக்க வழி இருக்கா?

#15 செவலை

தொழுவத்துல ஒரு நோட்டுத் தொங்க விடுங்க. தெர்மாமீட்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி, மாட்டைத் தொடறதுக்கு முன்னாடி எழுதணும்: எந்த மாடு, என்ன தோணுது, எதைப் பாத்துத் தோணுது, பத்துக்கு எத்தனை உறுதி. சூடு, அசை, பால் அளவு, மறுநாள் நிலைமை பக்கத்துக் கட்டத்துல. 'ஒண்ணும் தோணலை'ன்னு விட்ட மாடு மறுநாள் படுத்தாலும் எழுதணும். அதை விட்டுட்டா நோட்டு உங்களுக்கு ஜால்ரா போடும். ரெண்டு மாசத்துல தெரிஞ்சிடும், மடி நோயில உங்க கண்ணு கெட்டி, குளம்பு வலியில கோட்டை விடுதுன்னு. கோட்டை விடற இடத்துக்கு மனசைக் கேக்காதீங்க, கால் தூக்கிப் பாருங்க.

கன்னு போடறதுக்கு: வால் அடியில ரெண்டு பக்கமும் விரல்ல அழுத்தினா கயிறு மாதிரி தட்டுப்படற நார் தளர்ந்து குழி விழுந்துட்டா பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள. மடியை மட்டும் நம்பாதீங்க, தலைச்சன் ஈத்துக்கு வாரக்கணக்கா முன்னாடியே இறங்கும். சூடு பாக்கிறதா இருந்தா கடைசி வாரம் தினமும் காலையும் மாலையும் ஒரே நேரத்துல எடுங்க. முந்தின நாள் இதே நேரத்து அளவோட ஒப்பிட்டு ஒரு பாரன்ஹீட் அளவுக்கு இறங்கினா அன்னிக்கு ராத்திரி காவல். காலை அளவை மாலை அளவோட ஒப்பிடக் கூடாது, அது தினமும் மாறும். பனிக்குடம் உடைஞ்சு ரெண்டு மணி நேரம் ஆகியும் கால் தெரியலைன்னா டாக்டரைக் கூப்பிடுங்க, ஆள் சேர்த்துக் கயிறு கட்டி இழுக்காதீங்க.